மத்தியானச் சத்தம்

ஆராய்ச்சிக்கூட இயக்குநர் அந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டவில்லை. மேஜைமேல் வைத்து ஒரு விரலால் சுரங்கத்தார் பக்கம் தள்ளிவிட்டார். மூன்றே வரி. எழுதியவர் பின்பக்கச் சந்தில் குடியிருக்கும் ஒரு நர்ஸ். ராத்திரி வேலைக்குப் போகிறவர். "உங்கள் கூடத்திலிருந்து மத்தியானம் வருகிற சத்தத்தால் தூங்கவே முடியவில்லை. மாதக் கடைசிக்குள் நிறுத்தாவிட்டால் நகராட்சிக்குப் போவேன்."

"நகராட்சி வந்தா பூட்டுதான். எப்படியாவது அடக்குங்க" என்றார் இயக்குநர்.

சுரங்கத்தாருக்குச் சுருக்கென்றது. அவர் பொறுப்பில் இருந்தது ஒரு காற்றுச் சுரங்கம்; பெயரும் அதனால் வந்ததுதான். இரண்டு பஸ் நீளத்துக்கு எஃகுக் குழாய். ஒரு பக்கம் வாயுவை அடைத்து அழுத்தம் ஏற்றுவார்கள். மறுபக்கம் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுப்பார்கள். நடுவில் ஓர் அலுமினியத் தகடு. தகடு கிழிந்ததும் காற்று ஒலியைப்போல ஏழு மடங்கு வேகத்தில் பாய்ந்து, கடைசியில் நிற்கும் விமான மாதிரியின் மூக்கில் அறையும். நிஜ விமானம் வானத்தில் படப்போகிற சூட்டை அந்த மூக்கு தரையிலேயே பட்டுக் காட்டும். எல்லாம் ஒரு விநாடியில் இருநூற்றில் ஒரு பங்கு நேரம்தான். அதற்கு இரண்டு நாள் ஏற்பாடு. மாதக் கடைசிக்குள் இன்னும் ஐந்து தடவை இப்படித் தகட்டைக் கிழித்துச் சுட்டாக வேண்டும். இல்லையென்றால் ஆறு வருஷ உழைப்பு அம்போ.

அவருக்குக் கீழே இருந்த மெக்கானிக்கை எல்லாரும் போல்ட்டு என்று கூப்பிட்டார்கள். இருபது வருஷ சர்வீஸ். எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்பார்; அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் தெரியவரும்.

முதலில் குழாயைச் சுற்றி மெத்தைப் பஞ்சு கட்டச் சொன்னார் சுரங்கத்தார். போல்ட்டு கட்டினார். குழாயோடு சேர்த்து அதன் அடியிலிருந்த சக்கரங்களுக்கும் கட்டிவிட்டார். சுடும்போது அந்தக் குழாய் தண்டவாளத்தில் ஒரு சாண் பின்னால் போகவேண்டும். அன்றைக்குப் போகவில்லை. போகமுடியாத உதறலில் மாதிரிக்குள் சூட்டை அளக்க இருந்த முடி கனத்துக் கம்பிகள் பதினாலும் அறுந்தன. சுரங்கத்தார் நிதானமான ஆள். சக்கரம் என்பது எதற்கு இருக்கிறது என்று போல்ட்டுக்கு எடுத்துச் சொன்னார். கால்மணி நேரம் எடுத்துச் சொன்னார்.

கம்பிகளை ஒட்டவைக்க நாலு நாள் போயிற்று. அடுத்தது தகட்டை மெலிதாக்கிப் பார்த்தார். மெல்லிய தகடு, சின்ன வெடி, கணக்கு சரிதான். ஆனால் மெல்லிய தகடு சொன்ன நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. அழுத்தம் பாதி ஏறும்போதே தானாகக் கிழிந்தது. கேமராக்கள் இன்னும் கண்ணே திறக்கவில்லை. கிழிந்த துண்டு ஒன்று நேராகப் போய் மாதிரியின் மூக்கைச் சீவிவிட்டது.

"மூக்கு கொஞ்சம்தான் சார் போயிருக்கு" என்றார் போல்ட்டு.

அந்த மூக்குக்காகத்தான் இத்தனை பாடும் என்பதைச் சுரங்கத்தார் அவருக்கு மறுபடி முதலிலிருந்து எடுத்துச் சொல்லவேண்டியதாயிற்று.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி வெந்நீரை நீட்டினாள். "தொண்டை ஏன் இப்படிக் கரகரங்குது?"

"பஞ்சுத் தூசி" என்றார்.

அந்த வாரமே இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. சத்தம் குறையவில்லை, முன்னைவிட அதிகமாகிவிட்டது என்று எழுதியிருந்தார் நர்ஸ். சுரங்கத்தார் தலையில் கைவைத்துக்கொண்டார். பாதி அழுத்தத்தில் வெடித்தது எப்படி அதிகமாகக் கேட்கும்? அந்த அம்மாவுக்குக் காதா, இல்லை ராடாரா?

இனி அரைகுறை வேலை ஆகாது என்று கூடத்தின் சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் சத்தம் உறிஞ்சும் பலகை அடிக்கவைத்தார். இண்டு இடுக்கு விடவில்லை. விளைவு, காற்றும் வரவில்லை. பதிவுக் கம்ப்யூட்டர்கள் சூடேறி ஒவ்வொன்றாகப் படுத்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய், சுடும்போது ஆட்கள் பதுங்கும் அறையில் வைத்தார்கள். ஏற்கெனவே குருவிக்கூடு மாதிரி அறை. உட்கார இடமில்லை, மூச்சுவிட வழியில்லை. சந்துப் பக்கம் இருந்த ஒரே ஜன்னலை விரியத் திறந்துவைத்தார்கள்.

மாதக் கடைசி. ஐந்தில் ஒன்றுகூட உருப்படியாக முடியவில்லை. இயக்குநர் நர்ஸையே நேரில் அழைத்துவந்துவிட்டார். அரைத் தூக்கத்தில் கண் சிவந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே உட்கார்ந்தார் அவர். புது மூக்கு, புதுக் கம்பி, கனத்த தகடு, முழு அழுத்தம். சுரங்கத்தார் பொத்தானை அழுத்தினார்.

பக்கத்து அறையில் யாரோ தலையணையைக் கீழே போட்டதுபோல ஒரு 'பொத்'. அவ்வளவுதான்.

சுரங்கத்தாருக்குக் கண்ணில் நீர் முட்டிற்று. நர்ஸைப் பார்த்து, ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு திரையைப் பார்த்தார். கோடு நேராக ஓடியது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஒன்றுமே பதிவாகவில்லை.

"போல்ட்டு, பதிவு வயரை மாட்டினீங்களா?"

"இந்த மிஷினை இங்க தூக்கிட்டு வரும்போது கழட்டினேன் சார். திருப்பி மாட்டணும்னு நீங்க சொல்லலியே."

வயர் என்பது எதற்கு இருக்கிறது என்று சுரங்கத்தார் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு நாள் ஏற்பாட்டையும், ஆறு வருஷ உழைப்பையும், போல்ட்டின் இருபது வருஷ சர்வீஸையும் வரிசையாக எடுத்துச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. சந்தில் ஒரு நாய் குரைக்கத் தொடங்கியது.

நர்ஸ் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி எழுந்து இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"இதேதான் சார், நான் எழுதின சத்தம். இங்க குழாய் வேற வெடிக்குதுங்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."