நான்காம் மேசைக்கு ஒளிப்பட்டை

பொதுமக்களின் மனுக்கள் இருட்டில் கிடக்கின்றன என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. அலுவலகம் இதை ஆழ்ந்த கவலையுடன் பரிசீலித்து, எல்லா மேசைகளின் விளிம்பிலும் எல்.இ.டி. ஒளிப்பட்டை ஒட்டும்படி சுற்றறிக்கை பிறப்பித்தது. பட்டையை எங்கும் வெட்டலாகாது. மேசை மேலுள்ள எதுவும் இடம் மாறலாகாது.

நான்காம் மேசைக்கு வந்தபோது, பட்டை ஒட்ட வந்த ஒயர்மேனுக்கு மனசு துள்ளியது. தன் புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டு அவர் கொடுத்த மனு, பதினான்கு மாதமாக இந்த மேசையில்தான் தூங்குகிறது. ஊர் வீட்டுக்கெல்லாம் விளக்குப் போடுகிறவர், தன் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுத்தால் அந்த மேசை எழுத்தர் மனம் குளிர்ந்து ஒரு கையெழுத்துப் போடமாட்டாரா?

விளிம்பில் இருந்த பேனாக் குவளையைப் பட்டையோடு வளைந்து கடந்தார். அழைப்பு மணியைச் சுற்றி வந்தார்.

"சார், முழங்கையைக் கொஞ்சம் எடுங்க."

"மேசை மேல இருக்கிற எதையும் நகர்த்தக் கூடாதுன்னு நீங்க படிக்கலையா?"

முழங்கைக்கும் ஒரு வளைவு கொடுத்தார். கடைசியாக மனு அடுக்கு. சுவரோடு ஒட்டி, விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிப்போக வழியில்லை. அடியிலிருந்து அவருடைய மனுவின் ஓரம் எட்டிப் பார்த்தது.

"இதை ரெண்டு நிமிஷம் தூக்கிக்கட்டுமா சார்?"

"நானே இதுவரைக்கும் தூக்கினதில்ல. மேல ஏத்தி, அந்தப் பக்கம் இறக்குங்க."

ஏற்றி இறக்கினார். வேலை பேர் சொல்லட்டும் என்று பசையை நன்றாக அழுத்தித் தேய்த்தார். சுவிட்சைப் போட்டதும் மேசை ஜொலித்தது. ஒயர்மேனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சார், இப்ப என் மனுவை எடுத்துப் பாருங்களேன். அடியில இருக்கு."

எழுத்தர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடடா, பட்டையைப் பிரிக்காம எப்படிங்க எடுக்கிறது? பிரிக்கணும்னா ஒயர்மேன் வரணுமே."

"நான்தானே சார் ஒயர்மேன்!"

"நீங்க ஒட்ட வந்த ஒயர்மேன். பிரிக்கிறதுக்குத் தனியா மனு கொடுங்க."

நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தார். எழுத்தர் அதில் முத்திரை குத்தி, அடுக்கின் உச்சியில் வைத்தார். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி பார்வையிட வந்தார். முழங்கை வளைவை வெகுவாகப் பாராட்டியவர், அடுக்கருகே வந்ததும் முகம் சுளித்தார்.

"இங்க மட்டும் ஏன் வெளிச்சம் மறையுது?"

"புது மனு சார்," என்றார் எழுத்தர்.

"சுருள்ல மிச்சம் இருக்குல்ல? அதுக்கு மேலயும் ஒரு சுத்து சுத்தச் சொல்லுங்க."

ஒயர்மேன் வேண்டாவெறுப்பாகச் சுருளை எடுத்தார். ஆனால் கை பழகிய கை. மூலையை முன்னைவிட அழகாக மடித்தது. மேலதிகாரி கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஒயர்மேனும் தட்டினார்.

வெளியே வந்ததும் மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னங்க, நம்ம கரண்டு என்னாச்சு?"

"மனு வரைக்கும் வந்துடுச்சு," என்றார் ஒயர்மேன்.