பிளாஸ்திரிக்காரர்

இந்த இனத்தைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் அலுவலகத்தில் எந்த மடிக்கணினியின் நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறதோ, அதன் பின்னால் உட்கார்ந்திருப்பார். கேமராவை மறைக்கக் காகிதம் போதாதா என்று கேட்டுப் பாருங்கள். காகிதத்தின் வழியே வெளிச்சம் போகும் என்பார். வெளிச்சம் போனால் என்ன ஆகும்? உங்களை ஒரு முறை பார்ப்பார். அதற்குப் பிறகு நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

எங்கள் கொள்முதல் பிரிவில் ஒருவர் இருக்கிறார். நேரில் சார். மற்ற நேரங்களில் பிளாஸ்திரி.

புதிதாக ஒரு செயலியை இறக்கினால், நாம் யாரும் படிக்காத நிபந்தனைகளை, நாற்பத்திரண்டு பக்கத்தையும், மதிய உணவு வேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திக்கும் தலையசைத்து, சில இடங்களில் ‘அடப்பாவி’ என்று மெல்லச் சொல்லி, கடைசி வரிவரை படித்துவிட்டு, ‘சம்மதம்’ என்பதை அழுத்துவார். வேறு பொத்தான் கிடையாது.

“டார்ச் லைட் ஆப் என் போன்ல இருக்கிற நம்பரெல்லாம் கேக்குது. இருட்டுல யாரைக் கூப்பிடப் போகுது?” என்று ஒரு நாள் கேட்டார். முழங்கால் வலிக்கு ஒரே ஒரு முறை மருந்து தேடியவருக்கு ஆறு மாதம் முழங்கால் உறை விளம்பரம் வந்தால், அந்த முழங்கால் இப்போது யாருடையது என்பார். இந்த இனத்தைக் கேலி செய்வதில் உள்ள சிரமமே இதுதான். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி.

கடையில் கைப்பேசி எண் கேட்டால் எங்கள் மேனேஜரின் எண்ணைக் கொடுப்பார். செருப்புக் கடை, மருந்துக் கடை, முடிவெட்டும் கடை, எல்லா இடத்திலும் மேனேஜர்தான். மேனேஜருக்கு வாரம் மூன்று முறை தலைச்சாயத் தள்ளுபடி வருகிறது. அவர் சாயம் பூசுகிறவர் அல்ல. இப்போதெல்லாம் அடிக்கடி கண்ணாடி பார்க்கிறார்.

ஆனால் பேருந்தில் வங்கியிலிருந்து அழைப்பு வந்தால், நம்மவர் தன் பிறந்த தேதியையும் வீட்டு முகவரியையும் எண் எண்ணாக, எழுத்து எழுத்தாக, கடைசி இருக்கைக்கும் கேட்கும்படி சொல்வார். அங்கே அவருக்குப் பயமில்லை. பேருந்தில் இருப்பவர்கள் வெறும் மனிதர்கள்.

போன சனிக்கிழமை ஒரு கோப்பில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். கையெழுத்தை ஸ்கேன் செய்து அனுப்பமாட்டார். வாசலில் செருப்பை விட்டேன். உள்ளே பிஸ்கட் டின்னில் கைப்பேசியை விட்டேன். அது அந்த வீட்டு விதி. மூடியை அழுத்தி மூடினால் எந்த அலையும் உள்ளே போகாதாம். நான் உட்கார்ந்த பத்து நிமிடத்தில் டின் இரண்டு முறை மணி அடித்தது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

கையெழுத்து போடும் நிலையில் அவர் இல்லை. மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது என்று கல்லூரியிலிருந்து தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். அதில் உள்ள பொத்தானை ஐந்து மணிக்குள் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் இடம் வரிசையில் அடுத்தவருக்கு. வாய்ச்சொல் செல்லாது, பொத்தான்தான் செல்லும்.

கடிதம் வந்தது அப்பாவின் முகவரிக்கு. மகள் பெயர் இணையத்தில் எங்கும் இருக்கக் கூடாது என்று அவளுக்குப் பதினேழு வயதுவரை ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ள விடவில்லை. அப்பாவின் பெட்டியோ அன்று காலையிலிருந்து பூட்டிக் கிடந்தது. இருக்கும் இடத்தை மறைக்கும் மென்பொருள் ஒன்றை அவர் வைத்திருந்தார். அதன் புண்ணியத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு நாட்டிலும், ஒன்பதுக்கு இன்னொன்றிலும், பத்துக்குத் தீவு ஒன்றிலும் இருந்தார். மின்னஞ்சல் நிறுவனம் பார்த்தது. யாரோ திருடன் என்று முடிவு செய்தது. அவரைப் பாதுகாப்பதற்காக அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

“அப்பா, மணி நாலு அஞ்சு.”

“இரும்மா. அவசரத்துலதான் தப்பு நடக்கும்.”

“தப்பு நடந்து ஆறு மணி நேரம் ஆச்சுப்பா.”

“பழைய நம்பருக்கு ஏதோ ஓடிபி அனுப்பியிருக்கானாம்.”

“அந்த சிம் எங்க?”

பள்ளி நூலகரான மனைவி, சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார். “நாலு துண்டா வெட்டி நாலு குப்பைத்தொட்டில போட்டாரு. ஒண்ணு பஸ் ஸ்டாப் தொட்டி.”

“ஒரே தொட்டில போட்டா ஒட்ட வெச்சுடுவான்” என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

ஒரு வழிதான் மிச்சம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவரே தேர்ந்தெடுத்த மூன்று ரகசியக் கேள்விகளுக்கு, அவரே கொடுத்த பதில்களைத் திரும்பக் கொடுக்க வேண்டும். மூன்று தவறானால் ஒரு நாள் முழுக்கத் திறக்காது.

முதல் கேள்வி, பிறந்த தேதி. தன் பிறந்த தேதியைத் தட்டினார். தவறு என்றது.

“உங்க பொறந்த நாளே தப்பாப்பா?”

“உண்மையை நான் குடுத்திருக்க மாட்டேனே” என்றார். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை. ஜனவரி ஒன்று என்று தட்டினார். அதுவும் தவறு. இன்னும் ஒரே ஒரு தவறு, பிறகு பெட்டி நாளைக்குத்தான். மகள் நகம் கடிப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “தள்ளுங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லலையே.”

“சொன்னாத்தான் தெரியணுமா? உங்க மேனேஜர் பொறந்த நாளைத்தான் போட்டிருப்பீங்க. ஏதாவது வந்தா அவர் தலையில விடியட்டும்னு. ஜூலை பதினொண்ணு. வருஷா வருஷம் அன்னைக்குத்தான் டிஷ்யூ பேப்பர்ல சுத்தின கேக்கும் தலைவலியுமா வருவீங்க.”

“வருஷம்?” என்றாள் மகள்.

“அப்பாவோடதுல ஏழு கூட்டு. ‘என்னைவிட ஏழு வயசு சின்னவன், எனக்கு மேல உக்காந்திருக்கான்.’ எத்தனை தடவை கேட்டிருக்கோம்.”

மகள் தட்டினாள். ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது கேள்வி, முதன்முதலில் வளர்த்த பிராணி எது.

“நான் எதையும் வளர்க்கல” என்றார்.

“நாயைக் கண்டா எதிர்ப்பக்கம் போய் நடக்கிற ஆளு. அதனால நாய்னுதான் போட்டிருப்பீங்க. ஆளைக் கண்டுபிடிச்சிடக் கூடாதுல்ல.”

நாய் சரி.

மூன்றாவது கேள்வி, முதல் வேலை. கிடங்கில் மூட்டை எண்ணுவது என்பது எனக்கே தெரியும். அதைப் போட்டிருக்க மாட்டார் என்பதும் இப்போது தெரிந்தது. மனைவி சட்டென்று சொல்லவில்லை. கணவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

“பைலட்” என்றார் மனைவி.

மகள் விரல் அந்தரத்தில் நின்றது. “பைலட்டா? அப்பாவா?”

“கல்யாணமான புதுசுல மொட்டைமாடில துணி காயப் போட்டுட்டு இருந்தோம். ஒரு பிளேன் போச்சு. அண்ணாந்து பாத்துட்டு ஒரே ஒரு தடவை சொன்னாரு. அப்புறம் சொன்னதே இல்ல. நீ தட்டு.”

பெட்டி திறந்தது. நாலு நாற்பத்தாறுக்கு மகள் பொத்தானை அழுத்தினாள். தோழியிடம் சொல்லத் தன் கைப்பேசியை எடுக்கப் பாய்ந்து ஓடினாள். டின்னின் மூடி வரவில்லை. தோசைத் திருப்பியோ திருப்புளியோ, கையில் கிடைத்ததை வைத்து நெம்பிக்கொண்டிருந்தாள்.

அவர் முகத்தில் நிம்மதியைத் தேடினேன். இல்லை. மிகப் பெரிய கசிவு ஒன்றைத் தன் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்ட முகம் அது.

“எவ்வளவு நாளா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“என்னது?”

“இதெல்லாம் சேத்து வெச்சிருக்கிறது.”

“இருபத்திரண்டு வருஷமா.”

“நான் சம்மதம் குடுத்தேனா?”

“பதிவாளர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டீங்களே. எல்லாத்தையும் ஒரு தடவை முழுக்கப் படிச்சுட்டுத்தான் போட்டீங்க. எங்கப்பா கடியாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தாரு.”

என் கோப்பை வாங்கினார். இடது கையால் மறைத்துக்கொண்டு கையெழுத்து போட்டார். பிறகு மனைவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, மூன்று பதில்களையும் மாற்ற ஆரம்பித்தார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “முதல் வேலைக்கு டாக்டர்னு போடாதீங்க. உங்களுக்கு அதுதான் அடுத்து தோணும்.”

முதுகு அசையவில்லை. சற்றுக் கழித்து, அழிக்கும் விசை ஆறேழு முறை தட்டப்படும் சத்தம் கேட்டது.

இதைப் படித்து நீங்கள் சிரித்திருக்கலாம். நல்லது. உங்கள் கேமராவில் பிளாஸ்திரி இல்லை, வீட்டில் டின் இல்லை, நீங்கள் எந்த நிபந்தனையையும் படித்ததில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது கைப்பேசியை மேசைமேல் எப்படி வைக்கிறீர்கள்? திரை கீழே இருக்கும்படி, கவிழ்த்துத்தானே? உங்களைக் கவனிக்கிற நிறுவனம் அந்தக் கருவிக்கு உள்ளேயே இருக்கிறது. அதற்குக் கவிழ்த்தாலும் ஒன்றுதான், நிமிர்த்தாலும் ஒன்றுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். யாரிடமிருந்து மறைக்கிறீர்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.