வரைபடத்தில் இல்லாத படிக்கட்டு

பத்து நாட்களுக்குள் கணினியில் வரையக் கற்காத வரைவாளர் எவராயினும் தம் மேசையைக் காலிசெய்ய வேண்டும் என்று அந்தக் கட்டட அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. தேர்வு எளிதுதான். சொந்த அலுவலகத்தையே வரைந்து காட்டவேண்டும்.

அங்கே இருந்ததே ஒரு வரைவாளர். இருபத்தாறு வருஷமாகப் படிக்கட்டுக்கு அடியில் அவர் மேசை. அதை விட்டுக்கொடுக்க மனுஷனுக்கு மனசு வருமா? மௌஸைப் பிடித்துவிட்டார். முதல் நாள் இழுத்த கோடு திரையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது, சாயங்காலம்வரை தேடினார். நாலே நாளில் வித்தை முற்றி, "தட்டுல கிளிக் பண்ணாதீங்க, எடுத்துச் சாப்பிடுங்க!" என்று வீட்டில் மனைவி கத்தவேண்டியதாயிற்று.

சொல்லிக்கொடுக்க வந்தவர் அரைமணி நேரம் இருந்தார். "சுவர் ஒரு லேயர், கதவு ஒரு லேயர். கண்ணாடிக் காகிதத்தை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்குன மாதிரி. பக்கத்துல குட்டி பல்பு இருக்கு பாருங்க, அதை அணைச்சா அந்த லேயர் மறைஞ்சிடும்" என்றார். போயே போய்விட்டார்.

நம்மவர் படிக்கட்டுக்கு ஒரு லேயர் போட்டார். அடியில்தானே இருக்கிறது என்று தன் மேசையையும் அதிலேயே வரைந்தார். பின்சுவரை வரைய இடைஞ்சலாக இருக்கவே அந்த பல்பை அணைத்தார். மறுபடி போட மறந்தார். பத்தாம் நாள் அச்செடுத்து நீட்டினார். மாடியிலிருந்த அதிகாரி, கணினி தப்புப் பண்ணாது என்ற நம்பிக்கையில், பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் ஆய்வாளர் வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து, வரைபடத்தை விரித்தார்.

"இது என்ன?"

"படிக்கட்டு சார்" என்றார் வரைவாளர்.

"எப்பக் கட்டினீங்க?"

"கட்டடத்தோடயே இருக்கு சார். இப்பத்தானே அதுல இறங்கி வந்தீங்க!"

"நான் இறங்கினது வேற விஷயம். ஒப்புதல் கொடுத்த வரைபடத்துல இது இல்ல. அப்ப ஆக்கிரமிப்புதான்."

படிக்கட்டுக்கு சீல் வைக்கப்பட்டது. அதன் நிழலில் அத்துமீறி நின்ற மேசையும் அப்புறப்படுத்தப்பட்டது. அதிகாரிக்கு மட்டும் பின்பக்கம் ஓர் ஏணி. ஏறியதும் மேலே இழுத்துக்கொள்வார். வரைவாளருக்குத் தேர்ச்சிச் சான்றிதழ் வந்தது. அதை வைக்கத்தான் மேசை இல்லை.

பாவம், பதறிப்போனார். கணினி அறைக்கு ஓடி, பல்பைப் போட்டு, வேறு பிரதி எடுத்து வந்து, ஏணியடியில் அதிகாரியை மடக்கினார். "ஒரே ஒரு கையெழுத்து சார். எல்லாம் பழையபடி வந்துடும்!"

"பழையபடியா?" அதிகாரி அலறினார். "யோவ், ஒரு வாரமா ஒரு மனு மேல வரல, தெரியுமா? குறையே இல்லாத அலுவலகம்னு விருது அறிவிச்சிருக்காங்கய்யா!"

விருது விழா வாசலிலேயே விமரிசையாக நடந்தது. மேலே போக வழியில்லாமல் மனுவும் கையுமாக நின்றவர்கள்தான் கூட்டம். நம்ம ஆபீசுக்கு விருது என்றால் சும்மாவா? கை வலிக்கத் தட்டினார்கள். எல்லா அலுவலகங்களையும் இதே மாதிரி வரையவேண்டும் என்ற ஆணை வாசிக்கப்பட்டபோது வரைவாளரும் தட்டினார். வரைந்தது அவராயிற்றே!

தட்டி முடித்ததும், மேசை கேட்டு ஒரு மனு எழுதி பியூனிடம் நீட்டினார்.

பியூன் கையைக் கட்டிக்கொண்டார். "மனுவெல்லாம் மேலதான் வாங்குறாங்க சார். ஏறிப் போய்க் குடுங்க."