அக்காவுக்கு முன்னால் ஒரு புள்ளி

ஒரே நாளில் இரண்டு முறை முடிவெட்டிக்கொண்ட மனிதர் கோலாலம்பூரில் ஒருவர்தான் இருக்க முடியும். அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து நான் வேலை பார்த்திருக்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்போம். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ரிப்பீட் அண்ணன். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஐம்பதை நெருங்கியவர், கல்யாணம் ஆகாதவர். செய்ய வேண்டிய வேலைகளை நாங்கள் எல்லாரும் போனில் கலர் கலரான ஆப்பில் வைத்திருந்தோம். அவர் மட்டும் கறுப்புத் திரையில், வெறும் எழுத்தாக, ஒரே ஒரு ஃபைலில் வைத்திருந்தார்.

“ஆப்பெல்லாம் கம்பெனிக்காரன் மூடிட்டா போச்சு லா. டெக்ஸ்ட் ஃபைலை எவன் மூடுவான்?” என்பார்.

திரும்பத் திரும்ப வரும் வேலைகள் என்றால் அவருக்கு உயிர். வாட்டர் ஃபில்டர் மாற்றுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, முடிவெட்டு, கிள்ளானில் தனியாக இருக்கும் அக்காவை ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பது. ஒன்றை முடித்து ‘டன்’ என்று தட்டினால், அந்த வரி தானாகவே அடுத்த தேதிக்கு நகர்ந்துகொள்ளும். அந்த நகர்த்தும் வேலையைச் செய்யும் சின்ன புரோகிராமை அவரே எழுதியிருந்தார். எங்கள் முதலாளி கேட்ட வேலையைவிட அதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தார் என்பது முதலாளிக்குத் தெரியாது.

ஒருமுறை டெங்கி வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டார். தேறி வந்தபோது தலைமுடி காதை மூடியிருந்தது. மதியம் போய் வெட்டிக்கொண்டு வந்தார், ‘டன்’ தட்டினார். அவருடைய புரோகிராமோ பழைய தேதியோடு ஒரு மாதம் மட்டும் கூட்டியது. அந்தத் தேதியும் அவர் படுத்திருந்தபோதே போய்விட்டது. ஆகவே திரையில் மறுபடியும் ‘முடிவெட்டு’ என்று நின்றது. நாங்கள் சிரித்தோம். அவர் எழுந்து கிளம்பினார்.

அங்கே நடந்ததை முடிவெட்டும் அண்ணனே கீழே சாப்பிட வந்தபோது சொன்னார்.

“பாஸ், இப்பத்தானே வெட்டுனேன்?”

“தெரியும் லா. ஃபைல்ல இன்னொன்னு நிக்குது.”

“வெட்டுறதுக்குத் தலையில ஒண்ணும் இல்லையே பாஸ்!”

“இருக்கிறத எடுங்க.”

மொட்டைத் தலையோடு திரும்பி வந்தவர், ஒரு வாரம் யாரோடும் பேசாமல் புரோகிராமைத் திருத்தினார். தேதிக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும், பழைய தேதியை மறந்துவிட்டு, வேலையை முடித்த நாளிலிருந்து எண்ணும். அவருக்கு ஏக குஷி. ஃபில்டருக்குப் புள்ளி, செடிக்குப் புள்ளி, முடிக்குப் புள்ளி. அதே வேகத்தில் அக்காவுக்கும் ஒரு புள்ளி.

அடுத்த ஞாயிறு சர்வர் படுத்துக்கொண்டது. அக்காவைத் திங்கள்கிழமை போய்ப் பார்த்தார். புள்ளி தன் வேலையைச் செய்தது. அடுத்த முறையும் திங்கள் என்றது ஃபைல், அவரும் அப்படியே போனார். பிறகு ஒரு மழையில் அது செவ்வாய் ஆனது. கொஞ்ச நாளில் புதன்கிழமைக்கே வந்துவிட்டது. மனிதருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏழு நாளுக்கு ஒருமுறை போகிறோமே, அப்புறம் என்ன?

ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது அலுவலகத்துக்குப் போன் வந்தது. நான் எடுத்தேன்.

“நான் கிள்ளான்லேர்ந்து அவன் அக்கா பேசுறேன் மா. தம்பிக்கு என் மேல ஏதாச்சும் கோபமா?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே ஆன்டி.”

“ஞாயித்துக்கிழமை நண்டு வாங்கி ஆக்கி வச்சுட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன். வர்றதில்ல. வேற என்னைக்கோ வரான், சூடு பண்ணிக் குடுத்தா தின்னுட்டுப் போறான். பாரமா இருந்தா சொல்லிடச் சொல்லு மா. ஜோகூர்ல மகன் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான். வீட்ட வித்துட்டுப் போயிடறேன்.”

அவர் வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முகம் செத்துவிட்டது. ஆனால் என்ன செய்தார் என்கிறீர்கள்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்! எனக்கு வந்ததே கோபம்.

“மொதல்ல போன் போடுங்கண்ணே!”

“ரூல் தப்பா இருக்கு மா. முடி எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. அக்கா காத்துக்கிட்டு இருக்கும்.”

அந்தப் புள்ளியை எடுத்து, தேதியை மறுபடியும் ஞாயிறாக்கினார். இனி திங்கள்கிழமை போனாலும் அது தவறிப்போன ஞாயிற்றுக்குத்தான், அடுத்த ஞாயிறு இடம் மாறாது. லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்று மாலையே கிள்ளானுக்கு ரயில் ஏறினார்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் லேப்டாப்பைத் திறந்து காட்டினாராம்.

“இதுல நான் எங்கடா இருக்கேன்?”

காட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“முடிவெட்டுக்குக் கீழயா போட்டிருக்க என்னை?”

அங்கேயே அக்காவை முதல் வரிக்குத் தூக்கினார். ஜோகூர்ப் பேச்சு அத்தோடு போயிற்று. மறு ஞாயிறு ஆக்கிய நண்டுக் குழம்பில் எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு டப்பா வந்தது.

நான் அந்த வேலையை விட்டுப் பல காலம் ஆகிறது. இப்போதும் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் அவரிடமிருந்து போன் வரும். பேச விஷயம் ஒன்றும் இருக்காது. “சும்மாத்தான் மா” என்பார். போன மாதம் கேட்டேவிட்டேன்.

“அண்ணே, என்னை எந்த ரூல்ல போட்டிருக்கீங்க? முடி ரூலா?”

“சே சே, அக்கா ரூல் மா.”

அவர் கணக்கு சரிதான். சனிக்கிழமை விடிந்தால் நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.