பச்சை மெழுகுவத்தியும் நின்றுபோன கல்யாணமும்

கலமாட்டா,
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் சாராந்திஸ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் அனார்கிரோஸ் எழுதுவது. நாங்கள் நலம்; மெல்போர்னில் அனைவரும் நலமாக இருக்கப் பரிசுத்த மாதாவை வேண்டுகிறேன். மணமக்களைப் பார்க்க அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம். பார்ப்பதற்கு மணமக்கள் இல்லை.

நடந்தது இதுதான். மகள் எவாந்தியாவின் கல்யாணத்தில் மணமக்களுக்கு இரண்டு பக்கமும் ஏற்றி வைக்கக் கடையில் வாங்கிய ஆளுயர மெழுகுவத்திகள் இரண்டும் கார் வெயிலில் கொக்கிபோல வளைந்துவிட்டன. கடைக்காரரிடம் கேட்டால், "வெறும் பாரஃபின் மெழுகு வளையாம என்ன செய்யும்? ஸ்டியரிக் அமிலம் கலந்தாத்தான் விறைப்பா நிக்கும்" என்றார். நானே செய்வதென்று முடிவெடுத்தேன். இந்த ஸ்டியரிக் அமிலம் கொழுப்பிலிருந்து எடுக்கும் வெள்ளைச் செதில். சோப்பு, முகக் கிரீம், கார் டயர், மாத்திரை எல்லாவற்றிலும் இருக்கிறது. எழுபது டிகிரிக்குக் கொஞ்சம் கீழேதான் உருகும். ஆறும்போது சுருங்குவதால் அச்சிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் விளக்கியபோது உங்கள் அக்கா ஸ்டமாத்தா, "நீங்க தின்னுற ஆட்டுக்கறியிலயும் அதான் இருக்கு. பேசாம சாப்பிடுங்க" என்றாள்.

உருக்கியது ஈயம் தேய்ந்துபோன செப்புப் பாத்திரத்தில். இந்த அமிலத்துக்குச் செம்பு ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது. செம்பு கரைந்து மெழுகுவத்திகள் நல்ல இலைப்பச்சையாக வந்தன. அழகாகத்தான் இருந்தன, மச்சான். ஆனால் மாப்பிள்ளை ஆரிஸின் அப்பா பொலிக்ரோனிஸ், கால்பந்தில் உள்ளாடை வரை சிவப்பு அணி ரசிகர். தேவாலயத்தில் அவற்றைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"எங்க வீட்டுக் கல்யாணத்துல எதிரி அணிக் கலரா? வேணும்னேதானே பண்ணீங்க?"

"சம்பந்தி, அது செம்பு ஸ்டியரேட்டு."

"எந்தப் பேர் வச்சாலும் பச்சை பச்சைதான்யா!"

"கடவுளுக்கு அணி கிடையாதுப்பா" என்றார் பாதிரியார், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தபடி. அவர் பச்சை அணி. பொலிக்ரோனிஸ் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். எவாந்தியா வெள்ளை உடையில் நின்று, "அப்பா, இன்னொரு ஜோடி கடையில வாங்கியிருக்கக் கூடாதா?" என்றாள். அந்த வெக்கையிலும் மெழுகுவத்திகள் இம்மியும் வளையவில்லை. அதைக் கவனிக்க அங்கே என்னைத் தவிர ஆளில்லை.

மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
அனார்கிரோஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஸ்டமாத்தா வந்து சொல்கிறாள்: இன்று காலை நகராட்சி அலுவலகத்தில் எவாந்தியாவுக்கும் ஆரிஸுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டதாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டது இரண்டு அம்மாக்களும். அப்பாக்களுக்குச் சொல்லவில்லை. டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். நீங்கள் வந்த பிறகுதான் விருந்து. எனக்கும் சம்பந்திக்கும் நடுவில் உட்கார உங்களைத்தான் போட்டிருக்கிறார்கள்.