பெட்டி வாங்கிப்போன நாத்தனாருக்கு

நாத்தனாருக்கு உன் அண்ணி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் மூச்சோடு இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய்; உனக்கு ஒன்றும் ஆகாது, உன் உடம்பு வாகு அப்படி. இனி உன் முகத்தில் விழிப்பதில்லை என்று நான் சொன்னது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. கடிதம் எழுதினால் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

உன் மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது, "அண்ணி, அந்தப் பழுப்புப் பெட்டியக் குடுங்க, அவன் அங்க இறங்கினதும் புதுசு வாங்கிட்டு, வர்றவங்க கையில இதக் குடுத்தனுப்பிடுவான்" என்று வாங்கிப்போனாய். உன் அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கிய பெட்டி. பிடி அறுந்தபோது சிவப்பு நூலை நாலாக மடித்து நானே தைத்தேன், விரலில் ஊசி ஏறிய தழும்பு இன்னும் இருக்கிறது. திருப்பிக் கேட்டதற்கு, "ஒரு ஓட்டப் பெட்டிக்கா இந்தப் பாடு?" என்றாய். என் பெட்டியில் ஓட்டை கிடையாது. அது இருக்கட்டும்.

இப்போது தலைபோகிற காரியம். என் பேத்திக்கு வெளிநாட்டில் வேலை என்கிறார்கள். அவள் இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அவள் ஊசி குத்தினால் கொசு கடித்த மாதிரிகூட இருக்காது. அங்கே ஒருவன் வந்து போய்க்கொண்டிருந்தான், ஏஜென்ட்டாம். நான் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் தேன்வாய். வீட்டுக்கு வந்தவன் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க பெத்த அம்மா மாதிரி" என்றான். பெற்ற மகனே என்னை அப்படிச் சொன்னதில்லை. காசே வேண்டாமாம், எல்லாம் அங்கே சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். இப்போதைக்கு சுற்றிப்பார்க்கிற விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எங்கே என்றால், அதுவும் அங்கே. பாஸ்போர்ட்டை மட்டும் இங்கேயே கொடுத்துவிட வேண்டுமாம். "வெளிய சொல்லாதீங்கம்மா, கண்ணு பட்டுடும்" என்றான். நல்ல சோறு போடுகிறவன் கதவைச் சாத்திக்கொண்டா போடுவான்? என் மருமகளோ அவனுக்கு இரண்டாம் தடவை காபி கலக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு ஒரு தடவையும் கலக்கவில்லை, அது இருக்கட்டும்.

பிறகு அங்கத்து மேனேஜர் போனில் முகம் பார்த்துக் கேள்வி கேட்பார் என்றார்கள். பேத்தி தலைவாரி உட்கார்ந்தாள், நான் கதவோரம் உட்கார்ந்தேன். மேனேஜர் வாயை மூக்கோடு துணியால் மூடியிருந்தான், ஆஸ்பத்திரிக்குள் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். பின்னால் கண்ணாடிக் கட்டடமாக ஒரு படம். கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டதுபோல இங்கிலீஷ் பேசினான். எந்த நரம்பில் எடுப்பாய், குழந்தைக்கு எப்படி எடுப்பாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உயரம் என்ன, எடை என்ன, வீட்டில் ஆண்பிள்ளை யார் என்று கேட்டான். நோயாளியைத் தூக்குவதற்கு எடை கேட்கிறானா, இவளைத் தூக்கிக்கொண்டு போவதற்குக் கேட்கிறானா?

அந்த நேரத்தில் போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம். "பழைய இரும்பு, பிளாஸ்டிக், ஓட்டை…" பிறகு ஒரு இருமல், "…உடைசல் எடுக்கிறது." நாத்தனாரே, அது எங்கள் பழைய இரும்புக்காரனின் ஒலிபெருக்கி. உடைந்த பானையோடு என் நல்ல மூடியையும் சேர்த்து வண்டியில் போட்டுக்கொண்டு போனவன் அவன். அவன் பதிவுசெய்து வைத்திருக்கும் கூவலில் 'ஓட்டை'க்குப் பின்னால் ஒரு இருமல் உண்டு. என் மூடியைத் தின்ற இருமல் எனக்குத் தெரியாதா? அங்கே இப்போதுதான் விடிகிறது என்று மேனேஜர் இங்கிலீஷில் சொல்லி வாய்மூடுவதற்குள் கேட்டது. பேத்தி போனை அணைத்துவிட்டு எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதே வண்டி அதே இருமலோடு எங்கள் வாசலில் வந்து நிற்கிறது! கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் அடுத்த தெருவில் இருக்கிறான்.

சொன்னேன். "பாட்டி, பழைய இரும்பு அந்த ஊர்லயும் இருக்கும்" என்கிறாள் பேத்தி. "இருமலும் அதேதானாடி?" என்றேன். "உனக்கு நான் நல்லா இருக்கறது பிடிக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இன்னொன்றையும் நான் சொல்லவில்லை. போனை அணைப்பதற்கு முன்னால் அவன், "பக்கத்துல யாரு?" என்று நல்ல தமிழில் கேட்டான். "எங்க பாட்டி" என்று இவள் போனைத் திருப்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவன் படமே போய்விட்டது. சிக்னல் இல்லையாம். என் முகத்தைப் பார்த்து ஓடியவர்கள் வரிசையில் அவனையும் சேர்த்திருக்கிறேன்.

நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று கேட்பாய். எங்கள் தெரு தையல்காரரின் மகள் இப்படித்தான் போனாள். போய் இறங்கி ஒரே ஒரு தடவை பேசினாள். "அப்பா, இங்க ஜன்னலே இல்லப்பா" என்றாளாம். அப்புறம் பேச்சில்லை. அவர் தையல் இயந்திரத்தில் ஊசிக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு தைக்கிறார். துணியைப் பார்ப்பதா போனைப் பார்ப்பதா என்று தெரியாமல் என் ரவிக்கைக்கு இரண்டு இடதுகை வைத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நானே ஒன்றும் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்.

வெள்ளிக்கிழமை தேன்வாய் பாஸ்போர்ட் வாங்க வருகிறான். அதை நான் எடுத்து இடுப்பில் செருகியிருக்கிறேன். வீடு முழுக்கத் தேடுகிறார்கள், நானும் கூடவே தேடுகிறேன். எத்தனை நாளைக்கு? ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன், என் வாழ்நாளில் கேட்காததைக் கேட்கிறேன். உன் மகன் அதே ஊரில்தானே இருக்கிறான். வாரம் தவறாமல் பேசுகிறானாம், முகம் காட்டிப் பேச அங்கே அனுமதி இல்லையாம், மருமகள் சொன்னாள். அவனை அந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல். விலாசத்தைப் பேத்தியிடமிருந்து வாங்கிக் கீழே எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு கட்டடம் இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் இவள் நம்புவாள். சின்ன வயதில் என் மடியில்தான் அவன் தூங்குவான், உனக்குத்தான் சீரியல் பார்க்க வேண்டுமே. அது இருக்கட்டும். பெட்டியைப் பற்றி அவனிடம் கேட்க வேண்டாம். நீயாகவே சொன்னால் நான் தடுக்கப்போவதில்லை.

உனக்கும் உன் வீட்டாருக்கும் ஒரு குறையும் வராமலிருக்கட்டும். வந்தாலும் என்னிடம் சொல்லியனுப்பு.

இப்படிக்கு,
பெட்டிக்குச் சொந்தக்காரி, உன் அண்ணி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு இதை மட்டும் படி. உட்கார்ந்து படி.

கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினேன், இருமல் வண்டி எதிரே வந்தது. மறித்து நிறுத்தி, "எங்க தெருவுக்கு வர்றதுக்கு முன்ன எந்தத் தெருவுலப்பா கூவுவ?" என்றேன். "மாவு மில் சந்துதாம்மா. உங்க மூடிய நான் எடுக்கலம்மா" என்றான். மூடியை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மருமகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மில்லுக்கு மேலே ஒரே அறை, அந்தச் சந்தில் ஆள் இருக்கிற இடம் அது ஒன்றுதான். கதவு ஒருக்களித்திருந்தது. சுவரில் கண்ணாடிக் கட்டடம் ஆணியில் தொங்குகிறது, துணியில் அச்சடித்தது. கீழே பழுப்பாக ஒரு பெட்டி. பிடியில் சிவப்பு நூல்.

பெட்டிக்குப் பக்கத்தில் அந்த மேனேஜர் உட்கார்ந்திருந்தான். முகத்தை மூடியிருந்தவன் துணியை இறக்கிவிட்டு, "அத்தே…" என்றான்.

உன் மகன்தான் நாத்தனாரே. வெளிநாட்டில் இல்லை. தேன்வாய் அனுப்பித்தான் போனானாம். அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு கட்டடத்துக்கு அடியில் பூட்டி வைத்து வேலை வாங்கினார்களாம். தப்பித்துத் தூதரகம் போய் ஒருவழியாகத் திரும்பிவிட்டான். வெறுங்கையோடு உன் முன்னால் வந்து நிற்க வெட்கப்பட்டு, போயும் போயும் தேன்வாயிடமே போய் நின்றிருக்கிறான். "சொன்னபடி கேளு, இல்லன்னா உங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டி மேனேஜராக உட்கார வைத்திருக்கிறான் அந்தப் பாவி. பேத்தியைக் குழந்தையில் பார்த்தவன், யாரென்று தெரியாமல்தான் கேள்வி கேட்டானாம்; என் முகத்தைப் பார்த்ததும்தான் தெரிந்ததாம். உன்னிடம் சொல்வதற்குப் பயந்தானாம், என்ன வளர்ப்பு! என்னிடம் சொல்லியிருக்கலாம். நாம் பேசிக்கொள்வதில்லையே, எப்படிச் சொல்வான்.

எத்தனை பேரடா அனுப்பினாய் என்று கேட்டேன். விரல் மடக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தி அழுதான். நான் அடித்தேன். பிறகு மருமகளும் அடித்தாள். தையல்காரர் மகளும் அந்த விரல்களில் ஒன்று. அவள் இருக்கும் கட்டடம் அவனுக்குத் தெரியும், அவனும் அங்கேதான் இருந்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே கூட்டிப்போனேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறான், அவன்மேலும் வழக்கு வருமாம், வரட்டும். கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி இப்போதைக்கு என்னோடு அனுப்பியிருக்கிறார்கள். தேன்வாய் இன்னும் அகப்படவில்லை. கதவைத் தாழிட்டிருக்கிறோம். வாசலில் தேன்வாயின் ஸ்கூட்டர் மாதிரி சத்தம் கேட்டால் உன் மகன் அடுக்களைக்குள் போகிறான், நான் அரிவாள்மணையைப் பார்க்கிறேன். பேத்தி அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்த ஆஸ்பத்திரி இருக்கா மாமா?" "அது வெறும் துணிப்படம்மா" என்றான்.

ஆகவே நீ அவனிடம் கேட்டுச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டாயிற்று. உடனே வா. அவனை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்காதே, அதற்குத்தான் அவன் இத்தனை நாள் பயந்தான். பெட்டி வந்து சேர்ந்துவிட்டது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். பிள்ளையை நீ வந்து கூட்டிப்போ.