புலி வழங்கும் பில்டப்

ஒரு காட்டில், "இதுல பில்டப்பே இல்லையே" என்று சொல்லி ஒரு மரங்கொத்தியின் பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது முதல் தடவை இல்லை. அது அனுப்பும், திரும்பி வரும், மறுபடி அனுப்பும். மரங்கொத்தியின் பெயர் கொண்டையன்.

திருப்பி அனுப்பியது கரிச்சான் குருவி. காட்டு வானொலியில் சனிக்கிழமைதோறும் பொழுது சாய்கிற நேரத்தில் 'அதிருது காடு' என்று ஒரு நிகழ்ச்சி வரும். அந்த வாரம் புதிதாக வந்த ஆட்டப் பாட்டுகளை மட்டும்தான் போடுவார்கள். நடத்துவது டிஜே கரிச்சான். கரிச்சானுக்குச் சொந்தமாக ஒரு சத்தம் கிடையாது. பருந்து மாதிரி கத்தும், பூனை மாதிரி கத்தும், அணில் மாதிரியும் கத்தும். அடுத்தவன் சத்தத்தை எடுத்து விடுவதுதான் பிழைப்பு. அதனால்தான் அது டிஜே.

காட்டுக்குள் இந்த மாதிரி இசை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மனுஷங்க ஓரத்தில் சோலார் வேலி போட்டார்கள். அது நாள் பூரா 'ங்ங்ங்' என்று முனகியது. ஒரு தவளை அந்த முனகலுக்கு மேலே தாளம் போட்டது. அவ்வளவுதான், எலக்ட்ரானிக் இசை பிறந்துவிட்டது. வேலியில் யானையை விரட்டுவதற்காக ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். யானைகள் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து இலவமரத்தில் மாட்டிவிட்டு, அதற்கே ஆட ஆரம்பித்தன. யானையை விரட்டுவது சுலபம் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை.

கொண்டையனுக்குப் புகழ் வேண்டாம். பழம் வேண்டாம். அது காலையிலிருந்து தட்டும். எதிரில் வருகிறவன் எல்லாம் "என்ன, வீடு கட்டுறியா?" என்று கேட்டுவிட்டுப் போவான். "இல்ல, பாட்டு" என்று அது சொல்லும். "சரி சரி, கட்டி முடிச்சதும் கூப்பிடு" என்பான். ஒரே ஒரு ஆளாவது அதைப் பாட்டு என்று சொல்ல வேண்டும். கொண்டையன் கேட்டது அவ்வளவுதான்.

பில்டப் இல்லை என்று சொன்னார்கள் அல்லவா? கொண்டையன் யோசித்தது. பில்டப்தானே, கொடுத்துவிட்டால் போச்சு. அடுத்த சனிக்கிழமை ஒலிபெருக்கியில் அதன் பாட்டு இப்படி ஆரம்பித்தது:

"டேய்! நான் யாரு தெரியுமா? எங்க வம்சத்துலயே அலகு மழுங்குனதா சரித்திரம் கிடையாதுடா! தேக்கு, வேங்கை, கருங்காலி எல்லாம் என் பேரைக் கேட்டாலே தானா ஓட்டை விழுந்துடும்! ஒதுங்கிக்கோ! வர்றேன்!"

அதற்கப்புறம் டொக், டொக், டொக். முடிந்தது.

காடே விழுந்து விழுந்து சிரித்தது. கரிச்சான் அதை நகைச்சுவைப் பகுதி என்று சொல்லி இரண்டு தடவை போட்டது. கொண்டையன் ஒரு பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பொந்துக்குக் கீழே நவ்வி வந்து நின்றது. நவ்வி ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருக்கும், உடம்பெல்லாம் புள்ளி. சனிக்கிழமை ஆனால் முதல் ஆளாக வந்து ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்று ஆடும்.

"அண்ணே, பில்டப்புன்னா அந்தப் பில்டப் இல்லண்ணே."

"எனக்குத் தெரிஞ்சு வேற பில்டப் எதுவும் கிடையாது."

"பாட்டுல ஏத்திக்கிட்டே போகணும். வேகம் கூடணும், சத்தம் கூடணும், இப்ப வருது, இந்தா வருதுன்னு தோணணும். அப்புறம் பட்டுன்னு எல்லாம் நின்னுடணும். அந்த இடத்துல நாங்க ஒரு காலைத் தூக்கிட்டுக் கண்ணை மூடிக்குவோம். அதான் வழக்கம். அப்ப நீங்க இறக்கணும். டொம்முன்னு. எல்லாரும் ஒண்ணா குதிப்போம்."

"எதுக்கு அவ்வளவு நேரம் காக்க வைக்கணும்? நேரா இறக்கிட்டா?"

"நேரா இறக்குனா வீடு கட்டுறீங்கன்னுதான் நினைப்பாங்க."

கொண்டையனுக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கூட இவ்வளவு சுருக்கமாக யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. அது நேராகப் பறந்து போய் வேலியின் இரும்புக் கம்பத்தில் உட்கார்ந்து தட்டியது. மரத்தில் தட்டினால் டொக். இரும்பில் தட்டினால் டங். முனகலுக்கு மேலே டொக்கும் டங்கும் ஏறின, ஏறின, ஏறி நின்றன. பிறகு இறங்கியது.

ஒத்திகை பார்க்க வந்த கூட்டம் அதற்கு ஒன்றாகக் குதித்தது. கரிச்சான் கொஞ்ச நேரம் யார் மாதிரியும் கத்தவில்லை.

"தம்பி, அடுத்த வாரம் திறந்தவெளி நிகழ்ச்சி. எல்லாரும் இலவமரத்தடிக்கே வந்து ஆடுவாங்க. நேரலை. உன் பாட்டுதான் முதல் பாட்டு. நான் கண்டுபிடிச்ச ஆளுன்னு உன்னைச் சொல்லுவேன். சரியா?"

"பாட்டுன்னு சொல்லுவீங்கல்ல?"

"பாட்டுன்னுதாம்ப்பா சொல்லணும். வேற என்ன சொல்றது?"

கொண்டையன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

இந்த இடத்தில் மயில் வர வேண்டும். காட்டுக் கதை என்றால் மயில் வந்து கர்வப்பட்டு அவமானப்படும். அது வந்தது, ஆடியது, போய்விட்டது. மயிலுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வந்தது புலி. திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் செலவு. தண்ணீர் வைக்க வேண்டும், யானைக்கு இடம் ஒதுக்க வேண்டும். அதனால் கரிச்சான் ஒரு விளம்பரதாரரைப் பிடித்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்தே வானொலியில் ஓட ஆரம்பித்துவிட்டது: "அதிருது காடு! வழங்குவோர், மேற்குப் பாறை புலி. புலி... எப்போதும் உங்கள் பின்னால்!"

"இது சரியா வருமா?" என்று ஒரு முயல் கேட்டது.

"அவரு முன்ன மாதிரி இல்லப்பா" என்றது காட்டுப்பன்றி. "கலை, இசைன்னு போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?"

"இங்கதான். பக்கத்துல."

முயலுக்கு நிம்மதி. முயல் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை புலி கொண்டையனின் மரத்தடிக்கு வந்து, மரியாதையாக உட்கார்ந்து மேலே பார்த்தது.

"தம்பி, உன் ஒத்திகையைக் கேட்டேன். புதருக்குள்ளதான் இருந்தேன்."

"பாட்டு பிடிச்சிருந்துதா சார்?"

"நடுவுல ஒரு நிறுத்தம் விடுறியே, அப்பா! அதுல என்னால நகரவே முடியல."

"அவ்வளவு ரசிச்சீங்களா?"

"கீழ பூரா சருகு தம்பி. கால் வெச்சா சலசலன்னு காட்டிக் கொடுத்துடும். காடே மூச்சுவிடாம இருக்குது." புலி மீசையை நக்கியது. "ஆனா அதுக்கப்புறம் இறக்குனியே! எல்லாரும் ஒண்ணா குதிக்கிறாங்க. அந்த டொம்முல நான் ஒரு மரத்தையே சாய்ச்சிருந்தாலும் எவனுக்கும் கேட்டிருக்காது. உன் பாட்டுல உயிர் இருக்குது தம்பி."

கொண்டையன் ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டது.

"நாளைக்கு நிறுத்தத்தை ரொம்ப இழுக்காத. சட்டுனு இறக்கிடு. ஆமா, முன்னாடி ஒண்ணு ஆடுமே, குட்டியா, புள்ளி புள்ளியா... அது வரும்ல?"

"எதுக்கு சார் கேட்கிறீங்க?"

"நல்லா ஆடுது. நான் ஒரு ரசிகன். வேற என்ன?"

கொண்டையன் கரிச்சானிடம் ஓடியது. விஷயத்தைச் சொன்னது. கரிச்சான் கேட்டது, ஆந்தை மாதிரி கண்ணை உருட்டியது, கடைசியில் சொன்னது: "தம்பி, வழங்குறவங்க விஷயத்துல நாம தலையிடக் கூடாது. நீ கலைஞன். கலையைப் பாரு."

கொண்டையன் அடுத்து நவ்வியிடம் ஓடியது. "நாளைக்கு நீ வராத. வந்தாலும் முன்னாடி நிக்காத."

"ஏண்ணே?"

"புலி உன்னைப் பத்திக் கேட்டுச்சு."

நவ்வியின் காது நிமிர்ந்தது. "நிஜமாவா? என் ஆட்டத்தையா? புலி சாரா?"

"அடியே, அது புலி!"

"தெரியும்ணே. வானொலியில தினமும் சொல்றாங்களே. நான் முன்னாடிதான் நிப்பேன். அங்க நின்னாத்தான் நெஞ்சு அதிரும். உங்க முதல் பாட்டுக்கு நான் பின்னாடி போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

கதையில் நல்லவன் எச்சரித்தால் யாராவது கேட்க வேண்டும். இந்தக் காட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

சனிக்கிழமை வந்தது. இலவமரத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. கரிச்சான் ஒலிபெருக்கியில் முழங்கியது: "நேயர்களே! இன்னைக்கு முதல் பாட்டு, பாட்டுக்காரர் கொண்டையன்!" பாட்டுக்காரர் என்றே சொல்லிவிட்டது. காடு கைதட்டியது. கொண்டையனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நல்லவேளை, தட்டுவதற்குத் தொண்டை வேண்டாம்.

வேலியின் முனகலைக் கரிச்சான் அப்படியே எடுத்துவிட்டது. ங்ங்ங். கொண்டையன் மரக்கிளையில் ஆரம்பித்தது. டொக். டொக். பக்கத்தில் மாட்டியிருந்த இரும்புத் தகரத்தில் டங். யானைகளின் தலை ஆடியது. வேகம் கூடியது. டொக்டங் டொக்டங். காட்டுப்பன்றி "வருது வருது" என்று கத்தியது. தகரம் அலறியது. டர்ர்ர்ர்ர்ர்!

நின்றது.

காடு முழுக்க ஆளுக்கொரு கால் மேலே போனது. கண்கள் மூடின. கொக்கு ஏற்கெனவே ஒரு காலில்தான் நின்றது, அதற்கு வேலை மிச்சம். ஆமை அப்போதுதான் போன வாரப் பாட்டுக்குக் காலைத் தூக்கியது.

கொண்டையன் மேலேயிருந்து பார்த்தது. காட்டில் இரண்டே இரண்டு கண்கள் திறந்திருந்தன. நவ்விக்குப் பின்னால், ஒரு பாய்ச்சல் தூரத்தில், புலி பதுங்கியிருந்தது. முன்னங்கால் ஒன்று சருகுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கீழே வைத்தால் சத்தம் வரும். டொம் வந்தால் வராது.

ஒரு தட்டு போதும். காடே குதிக்கும். 'பாட்டு' என்று ஊரெல்லாம் சொல்லும். நவ்வி மட்டும் சொல்லாது.

கொண்டையன் அலகைத் தூக்கியது. தூக்கியபடியே வைத்திருந்தது.

முதலில் எல்லோரும் ரசித்தார்கள். "என்னமா ஏங்க வைக்கிறான்யா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு முயலுக்குக் கால் வலித்தது. பிறகு யானைக்கு. யானை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்கும்?

"யோவ், இறக்குய்யா!"

ஒவ்வொன்றாகக் கண்கள் திறந்தன. எல்லாம் மேலே பார்த்தன. புலி மாட்டிக்கொண்டது. ஆனால் அது சாதாரணப் புலியா? தூக்கிய காலைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு, அதுவும் மேலே பார்த்து, எல்லோரையும் விட உரக்கக் கத்தியது: "இறக்குடா!"

"பின்னாடி புலி!" என்று கொண்டையன் அலறியது. "நவ்வி, உன் பின்னாடி புலி!"

"தெரியும்யா!" என்றது காட்டுப்பன்றி. "அவருதானே வழங்குறாரு! பாருங்கய்யா, புலி சாரே நம்மளோட நம்மளா காலைத் தூக்கிட்டு நிக்கிறாரு. அவருக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?"

நவ்வி திரும்பிப் பார்த்தது. "சார், நீங்களும் முன் வரிசையா?"

"ஆமாம்மா. இங்கதானே நெஞ்சு அதிரும்."

கரிச்சான் ஒலிபெருக்கியை இறக்கையால் மூடிக்கொண்டு சீறியது. "நேரலைடா! இப்ப இறக்கலைன்னா இந்த ஜென்மத்துல உன் சத்தம் இதுல வராது. இனிமே நீ வீடு கட்டவே போயிடு!"

"சும்மா வெறும் பில்டப்புடா இவன்" என்று ஒரு குரல் வந்தது. காடு சிரித்தது. இந்தத் தடவை சரியான பொருளில்தான் சொன்னார்கள்.

நவ்விக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க! முதல் தடவை, கூச்சப்படுறாரு. எல்லாரும் மறுபடி காலைத் தூக்குங்க. கண்ணை மூடுங்க. பார்த்துக்கிட்டே இருந்தா அவரு எப்படி இறக்குவாரு?" பிறகு மேலே பார்த்தது. "அண்ணே, நான் எல்லார்கிட்டயும் உங்களைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன். என் மானத்தை வாங்கிடாதீங்க. இறக்குங்கண்ணே."

நவ்வி கண்ணை மூடிக்கொண்டது. காடும் மூடிக்கொண்டது. ஒரு சத்தமில்லை. புலி மட்டும் கொண்டையனைப் பார்த்து, சத்தம் வராமல், வாயை அசைத்தது. 'இறக்கு.'

கரிச்சான் இறக்கச் சொன்னது. காடு இறக்கச் சொன்னது. புலி இறக்கச் சொன்னது. நவ்வியும் இறக்கச் சொன்னது.

கொண்டையன் இறக்கவில்லை.

நீதி: வெறும் பில்டப் மட்டும் கொடுக்கிறவனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், திட்ட நீங்கள் உயிரோடு இருப்பதே அவன் இன்னும் எதையும் இறக்காததால்தான்.